ஆபத்தான மருந்து எது? திருவனந்தபுரத்து வீடுகளும் இரண்டு பட்டியல்களும்

2001ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் எம். ஆர். ராஜகோபால், டேவிட் ஜோரன்சன், ஆரன் கில்சன் ஆகிய மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். கோழிக்கோட்டின் வலி நிவாரண, நோய்த்தணிப்புச் சங்கத்தில் மார்ஃபின் மாத்திரை பெற்று, அதை வீட்டிலேயே வைத்து உட்கொண்டுவந்த 1,723 நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து எழுதப்பட்ட கட்டுரை அது. மருந்து முறைகேடாகப் பயன்பட்டதாகவோ வெளியாருக்குக் கைமாறியதாகவோ ஒரு நிகழ்வும் அவர்கள் பார்வைக்கு வரவில்லை. நோய்த்தணிப்புச் சிகிச்சையின் இந்திய வரலாற்றை எழுதுவோர் இக்கட்டுரையைத் தவறாமல் குறிப்பிடுவர். ஆனால் அது எந்தக் கேள்விக்கு விடையாக எழுதப்பட்டது என்பது அரிதாகவே பேசப்படுகிறது.

கேள்வி அரசினுடையது. இம்மாத்திரை நோயாளியின் வீட்டுக்குப் போனால் திருடு போகுமா, தெருவில் விற்கப்படுமா, போதைக்கு வழி திறக்குமா என்பதே அது. அதே மாத்திரையால் நோயாளிக்குக் கேடு வருமா, அளவு பிசகுமா, யாராவது நேரம் தவறிக் கொடுத்துவிடுவார்களா என்பது முற்றிலும் வேறு கேள்வி. தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இவ்விரண்டுக்கும் 'ஆபத்து' என்ற பொருள் தரும் ஒரே சொல்லைத்தான் ஆள்கிறோம். வீட்டுப் பராமரிப்பில் உயர் ஆபத்து மருந்துகள் எவை என்று இன்று வகுக்க முற்படுவோர், இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வரலாறுகள் பின்னிக் கிடப்பதைப் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. அதற்குத் திருவனந்தபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் வேறில்லை எனலாம்.

முதல் பட்டியல் சட்டத்தினுடையது. 1857, 1878 ஆம் ஆண்டுகளின் அபினிச் சட்டங்கள் பயிரையும் வருவாயையும் ஒழுங்குசெய்ய வந்தவை. நோயாளி அவற்றின் கவலையல்லர். 1930இல் வந்த சட்டம் 'ஆபத்தான மருந்துகள்' என்பதைத் தன் பெயரிலேயே தாங்கியது. இம்மூன்றையும் நீக்கிவிட்டு, 1985 நவம்பர் 14 அன்று போதைப்பொருள், மனமயக்கப் பொருள் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. குறைந்தது பத்து ஆண்டுக் கடுங்காவல் என்பது அதன் முதுகெலும்பு. சிறிய அளவு, வணிக அளவு என்ற தரப்படுத்தல் 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது. இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளில், பதிவேட்டில் ஒரு பிழை நேர்ந்தால் என்ன ஆகும் என்ற அச்சமே மருந்தாளுநரையும் மருத்துவமனையையும் ஆட்டிவைத்தது. மார்ஃபின் வைத்திருக்கப் பல மாநிலங்களில் நான்கைந்து உரிமங்கள் வேண்டும். அவை வெவ்வேறு துறைகளிடமிருந்து வர வேண்டும். அனைத்தும் ஒரே காலத்தில் உயிரோடிருக்க வேண்டும். ஐந்தாவது உரிமம் கைக்கு வரும்போது முதலாவது காலாவதியாகியிருக்கும்.

விளைவு எண்ணிக்கையில் தெரிந்தது. 1985க்குப் பிறகு இந்தியாவின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு சுமார் 97 விழுக்காடு சரிந்து, 1997இல் 18 கிலோகிராமைத் தொட்டது. மருந்துத் தேவைக்காகச் சட்டப்படி அபினி விளைவிக்கும் மிகச் சில நாடுகளுள் ஒன்று இந்தியா. காஜிப்பூரின் அரசு அபினி ஆலை 1820இலிருந்து இயங்குகிறது. உலகத்தின் வலிக்கு மூலப்பொருள் ஏற்றுமதி செய்த நாட்டில், புற்றுநோய் வார்டுகளுக்கு மாத்திரை இல்லை. இம்மருந்தின் தலைவிதியை முடிவு செய்தது சுகாதாரத் துறையன்று, நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறை என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் சித்திரம் முழுமையடையும்.

சொற்களும் இந்தச் சட்டத்துக்குத் துணை நின்றன. தமிழில் மருந்து என்பது நோய் தீர்ப்பது மட்டுமன்று. வெடிமருந்து, பூச்சிமருந்து என்று அது விரியும். 'மருந்தைக் குடித்துவிட்டான்' என்று ஒரு சிற்றூரில் சொன்னால் யாரும் சிகிச்சையை நினைப்பதில்லை. மலையாள 'மருந்நு'வும் இதே வேரினது. அங்கே 'மயக்குமருந்நு' என்றால் காவல்துறை தேடும் பொருள். தமிழில் 'மயக்க மருந்து' என்றால் அறுவை அரங்கில் கொடுப்பது. நாகர்கோவிலிலிருந்தோ வள்ளியூரிலிருந்தோ திருவனந்தபுரத்துக்குச் சிகிச்சைக்குப் போகும் குடும்பத்துக்கு, ஒரே ஒலி எல்லையின் இரு புறமும் இரு வேறு உணர்வுகளைத் தருகிறது. வலிக்காகக் கொடுக்கப்படும் மாத்திரையைச் செய்தித்தாள் குற்றப்பக்கத்தில் வரும் பெயரால் அழைக்கும் மொழியில், அதை வாங்கி வீட்டில் வைக்க ஒரு மகன் தயங்குவதில் வியப்பில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கான மூன்று படி முறையை 1986இல் வெளியிட்டது. அதன் மேல்படியில் நின்றது மார்ஃபின், அதுவும் வாய்வழி மாத்திரையாக. அதாவது வீட்டில் உட்கொள்ளத் தக்க வடிவத்தில். ஏறத்தாழ அதே காலத்தில் அந்நிறுவனத்தின் உதவியோடு திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் வலி மருத்துவமனை தொடங்கப்பட்டது. ஆக, ஜெனீவா பரிந்துரைத்த மருந்தை டெல்லியின் புதுச் சட்டம் ஏறக்குறைய அதே வேளையில் பூட்டி வைத்தது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் வலி நிவாரண, நோய்த்தணிப்புச் சங்கம் உருவாயிற்று. ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் மயக்கவியல் மருத்துவர்கள். ஆனால் அவர்கள் கட்டிய அமைப்பு மருத்துவமனைச் சுவரைத் தாண்டி அயலாரிடமும் தன்னார்வலரிடமும் போயிற்று. 1998இல் வருவாய்த் துறை எளிமையாக்கப்பட்ட மாதிரி விதிகளை மாநிலங்களுக்கு அனுப்பியது. கேரளம் அவற்றை ஏற்ற முன்னோடிகளுள் ஒன்று. 2003இல் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா பதிவு செய்யப்பட்டது. அதன் பயிற்சி நிலையம் 2012இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் கூட்டு மையமாயிற்று. 2008இல் நோய்த்தணிப்புக்கெனத் தனிக் கொள்கை வகுத்த முதல் இந்திய மாநிலம் கேரளம்; அதன்பின் ஊராட்சிதோறும் செவிலியர் வீடு வீடாகச் செல்லும் முறை பரவியது. நாடாளுமன்றம் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த 2014 பிப்ரவரி வரை ஆனது. 2015 விதிகள் மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்சிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறையும் 'இன்றியமையாப் போதை மருந்துகள்' என்று பெயரிட்டன. ஆபத்தானது என்ற அடைமொழியின் இடத்தில் இன்றியமையாதது என்பது வந்து அமர எண்பத்தைந்து ஆண்டுகள்.

இவ்வரலாறு பெரும்பாலும் வெற்றிக் கதையாகச் சொல்லப்படுகிறது. அப்படிச் சொல்லத் தகுதியும் அதற்கு உண்டு. எனினும் வீட்டுக்குள் நடந்தது என்ன என்பது அக்கதையில் விடுபட்டுப் போகிறது. மார்ஃபின் மாத்திரையின் வலி தணிக்கும் ஆற்றல் சுமார் நான்கு மணி நேரமே நீடிக்கும். எனவே வலித்தால் போடு என்பதல்ல விதி; வலி திரும்பும் முன்பே, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். நள்ளிரவில் எழுப்பாமலிருக்க, உறங்கப் போகும் வேளையில் இரட்டை அளவு தருவது வழக்கம். மலச்சிக்கல் அநேகமாக எல்லோருக்கும் வரும். ஆகவே மலமிளக்கியும் முதல் நாளிலேயே உடன் செல்ல வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு மருந்தின் சிதைபொருள்கள் உடலில் தேங்கும். நேற்றுப் பொருந்திய அளவு இன்று மிகையாகலாம். தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் மூச்சு தாழும். இவ்வளவையும் ஒரு வீட்டில், எழுதப் படிக்கத் தடுமாறும் மனைவியோ பள்ளிக்குப் போகும் பேரனோ கையாள வேண்டும். கேரளத்து வீட்டுப் பராமரிப்பு செய்த பெரும்பணி, மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுபோனது மட்டுமன்று. நேரங்களைத் தாளில் எழுதி, யார் கொடுப்பார் என்று கேட்டு, எண்ணிக்கையைச் சரிபார்த்து, மறுமுறை வந்து பார்த்ததே அதன் சாரம். 1,723 பேரிடம் ஒரு முறைகேடும் காணப்படவில்லை என்ற முடிவைத் தந்தது சட்டத்தின் கடுமையன்று. இந்த வருகைகள்தாம் என்று கருத இடமுண்டு. கவனித்தவர்களே கொடுத்தவர்களும் ஆவர் என்பது அந்த ஆய்வின் குறையாகச் சொல்லத்தக்கது. ஆனால் அந்தக் குறையே அதன் உள்ளடக்கமும் ஆகும்: கொடுத்தவர் தொடர்ந்து கவனித்தார்.

அமெரிக்காவில் 1996இல் ஆக்சிகான்டின் என்னும் நீடித்த வெளியீட்டு ஆக்சிகோடோன் சந்தைக்கு வந்தது. அதை விற்ற பர்டூ நிறுவனம், அடிமையாக்கும் ஆபத்து குறைவு என்று தவறாக விளம்பரப்படுத்தியதை 2007இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. மருந்து வகை ஒன்றே. அது வீட்டுக்குள் நுழைந்த வாயில் வேறு. இந்த வேறுபாட்டைப் பாராமல் அமெரிக்கச் செய்திகளைக் காட்டிக் கேரளத்து மாத்திரையை மீண்டும் பூட்டச் சொல்லும் குரல்கள் வரலாற்றைப் பாதியில் படித்தவை.

இரண்டாவது பட்டியல் மருத்துவமனைக்குள் பிறந்தது. 1990களில் அமெரிக்காவில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தோர், பிழை நேர்ந்தால் பெருங்கேடு விளைவிக்கும் மருந்துகளைத் தனியே தொகுக்கத் தொடங்கினர். இது திருட்டைப் பற்றிய பட்டியலன்று. கை தவறுவதைப் பற்றியது. உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் தொடங்கிய 'கேடில்லா மருந்து' என்னும் உலகளாவிய முயற்சி இவ்வகைகளை நினைவில் வைக்க ஆங்கில முதலெழுத்துகளால் ஆன ஒரு சூத்திரத்தைப் பரப்பியது: நுண்ணுயிர் எதிர்ப்பிகள், பொட்டாசியம் முதலிய உப்புகள், இன்சுலின், போதை வலிநீக்கிகளும் உறக்க மருந்துகளும், புற்றுநோய் வேதி மருந்துகள், ஹெப்பாரின் முதலிய இரத்த உறைவுத் தடுப்பிகள். படித்த மாத்திரத்தில் இது எந்தக் கட்டடத்திலிருந்து வந்தது என்பது புலனாகும். செறிவான பொட்டாசியம் ஊசிமருந்து எந்த வீட்டு அலமாரியில் இருக்கிறது?

வீட்டிலிருந்து வந்து அவசரச் சிகிச்சையில் சேர்ந்தவர்களை எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வு 2011இல் 'நியூ இங்கிலாந்து' மருத்துவ இதழில் வெளியாயிற்று. டேனியல் பட்னிட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2007 முதல் 2009 வரையிலான அமெரிக்கத் தரவுகளை ஆராய்ந்தனர். 65 வயதைக் கடந்தோர் மருந்தின் தீவிளைவால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நிகழ்வுகளில் 67 விழுக்காட்டுக்கு நான்கே வகைகள் காரணம்: வார்ஃபரின், இன்சுலின், இரத்தத் தட்டணுத் தடுப்பு மாத்திரைகள், சர்க்கரை நோய் மாத்திரைகள். வார்ஃபரின் மட்டுமே மூன்றில் ஒரு பங்கு. முதியோருக்கு உயர் ஆபத்தானவை என்று தர மதிப்பீட்டு அளவுகோல்களில் அறிவிக்கப்பட்டிருந்த மருந்துகளின் பங்கோ 1.2 விழுக்காடு. வல்லுநர் ஆபத்தென்று எழுதியதும் வீட்டில் ஆபத்தாய் நின்றதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் அரிது.

இங்கே திருவனந்தபுரம் மீண்டும் வருகிறது. ஸ்ரீசித்திரை திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிறுவனத்தில் எம். எஸ். வலியத்தான் தலைமையில் உருவான செயற்கை இதய வால்வு, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. முந்தைய மூன்று வடிவங்கள் தோற்று, நான்காவது வென்றது. சென்னையின் டி.டி.கே. குழுமம் அதைத் தயாரித்தது. இன்றுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் பொருத்தப்பட்டுள்ளன. கீல்வாதக் காய்ச்சலால் இதயம் பழுதுற்ற ஏழைகளுக்கு இறக்குமதி வால்வின் விலை எட்டாக்கனியாக இருந்த காலத்தில் இது பெரும் சாதனை. ஆனால் உலோகமும் நெகிழியும் கலந்த வால்வு நெஞ்சில் இருக்கும்வரை இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையும் வாழ்நாள் முழுதும் இருந்தாக வேண்டும். வார்ஃபரின், அல்லது இந்தியாவில் பரவலாக எழுதப்படும் அசினோகூமரால். அளவு குறைந்தால் வால்வில் உறைகட்டி. மிகுந்தால் மூளையிலோ குடலிலோ குருதிப்பெருக்கு. ஐ.என்.ஆர். எனப்படும் இரத்தச் சோதனையின் எண்ணைப் பார்த்து அளவை ஏற்றியிறக்க வேண்டும். பல்வலிக்கோ வயிற்றுப்போக்குக்கோ கடையில் கேட்டு வாங்கும் ஒரு மாத்திரை அந்த எண்ணைக் குலைத்துவிடக்கூடும்.

(வார்ஃபரின் என்ற பெயரின் முதற்பாதி விஸ்கான்சின் பல்கலைக்கழக முன்னாள் மாணவர் ஆராய்ச்சி அறக்கட்டளையின் ஆங்கில முதலெழுத்துகள். 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954இல் மனிதருக்கு ஏற்கப்பட்டது. மார்ஃபின் கட்டுப்பாடுகளைத் தளர்த்த இந்திய அரசோடு பேசிய ஜோரன்சனும் அதே விஸ்கான்சினிலிருந்து வந்தவர் என்பது தற்செயலே. ஆயினும் 'எலி மருந்து' என்று நாம் சொல்லும் சொல்லில் இருபொருளும் உண்மையாகும் ஒரே மாத்திரை இதுதான்.)

இன்சுலினின் ஆபத்து இன்னும் எளிமையானது, அதனாலேயே கண்ணுக்குத் தப்புவது. இந்தியக் கடைகளில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு கொண்ட குப்பியும் 100 அலகு கொண்டதும் கிடைக்கின்றன. அவற்றுக்குரிய ஊசிக்குழல்களும் வேறு: முன்னதற்குச் சிவப்பு மூடி, பின்னதற்கு ஆரஞ்சு. 100 அலகு மருந்தைச் சிவப்பு மூடிக் குழலில் 20ஆம் கோடுவரை இழுத்தால் உடலுக்குள் போவது 20 அலகன்று, 50. மாலை வெளிச்சத்தில் சிவப்பையும் ஆரஞ்சையும் பிரித்தறிவது, சர்க்கரையால் பார்வை மங்கிய ஒருவரிடம் விடப்படுகிறது. இதற்கு உரிமமும் இல்லை, பதிவேடும் இல்லை. செவிலியர் வந்து எண்ணிப் பார்ப்பதும் இல்லை.

இவற்றுக்கு ஒரு பொதுக்கூறு உண்டா? அதைத் தேட வேதியியலுக்குப் போகத் தேவையில்லை. மருந்துச் சீட்டின் மொழியைப் பார்த்தாலே போதும். நம் மருந்துச் சீட்டுகளில் 1-0-1 என்றொரு குறியீடு உண்டு. காலை ஒன்று, நண்பகல் இல்லை, இரவு ஒன்று. தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் கலந்து புழங்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில், எந்த மொழியும் தெரியாமலே வாசிக்கக்கூடிய எழுத்து இது. அட்டையில் ஆங்கிலம், மருத்துவர் பேச்சில் மலையாளம், வீட்டில் தமிழ் என்ற நிலையிலும் 1-0-1 தடுமாறாது. அதன் இலக்கணத்தில் மூன்று இடங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எண், நாள்தோறும் மாறாத ஒரே வாக்கியம், அவ்வளவே.

வீட்டைக் கவிழ்க்கும் மருந்துகளில் பலவும் இந்த வாக்கியத்துக்குள் அடங்காதவை. மார்ஃபினுக்கு மூன்று இடம் போதாது. இரவில் இரட்டிப்பு வேறு. வார்ஃபரினுக்கு இன்றைய எண் அடுத்த சோதனைக்குப் பின் செல்லாது. ஒரு நாள் ஒன்று, மறுநாள் ஒன்றரை என்றும் வரும். இன்சுலினுக்கு 'ஒன்று' என்பதே கிடையாது; அலகு வேண்டும், அதற்கேற்ற குழலும் வேண்டும். மூட்டுவாதத்துக்குத் தரும் மீதோட்ரெக்சேட் வாரம் ஒரு முறை. அதைப் பழக்கத்தால் தினமும் விழுங்கி இரத்த அணுக்கள் சரிந்து உயிர் போன நிகழ்வுகள் உலகெங்கும் பதிவாகியுள்ளன. இவ்வளவுகோல் முழுமையானதன்று. தட்டணுத் தடுப்பு மாத்திரை 1-0-1 முறைக்குள் அழகாக அடங்கியும் குருதி கசியச் செய்யும். சர்க்கரை மாத்திரையும் அடங்கும், ஆனால் அன்று சோறு உண்டாரா என்பதைக் குறியீடு கேட்பதில்லை. இருந்தும், சட்டத்தின் பட்டியலும் மருத்துவமனையின் பட்டியலும் தவறவிட்ட ஒன்றை இது காட்டுகிறது: வீட்டில் ஆபத்து பெரும்பாலும் மூலக்கூறில் இல்லை, சொல்லப்படாமல் எஞ்சிய வாக்கியத்தில் இருக்கிறது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். அளப்பவர் யார், எதைக் கொண்டு அளக்கிறார் என்பதைப் பழமொழி சொல்வதில்லை. கேரளத்தில் மார்ஃபினுக்கு மட்டும் அந்த அளப்பவரை உருவாக்க ஒரு தலைமுறை உழைத்தது. காரணம் அரசு அதைச் சந்தேகித்தது. சந்தேகத்துக்கு ஆளான மருந்துக்குத் தாளும் வருகையும் கிடைத்தன. சந்தேகிக்கப்படாத இன்சுலினும் அசினோகூமராலும் தெருமுனைக் கடையில் துண்டுத்தாள்கூட இல்லாமல் கைமாறுகின்றன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை வாசலுக்கே கொண்டுபோகிறது. நோய்த்தணிப்புச் சேவையும் அதில் ஓர் அங்கம். ஒரே பணியாளர் குழு இரண்டு வகை வீடுகளுக்கும் போகிறது. மார்ஃபின் வீட்டில் எழுதும் நேரத்தாளை, பக்கத்து வீட்டுச் சர்க்கரை நோயாளிக்கும் எழுதலாம்: குப்பியில் 40ஆ 100ஆ, குழலின் மூடி என்ன நிறம், ஊசிக்குப் பின் எத்தனை மணிக்குச் சாப்பாடு. மீதோட்ரெக்சேட் அட்டையின் மேல் எழுத வேண்டியது அதைவிடவும் குறைவு. கிழமையின் பெயர் ஒன்று.